நாலாவது மைக்

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சவுண்ட்காரரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி.

அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து நாற்பது நாள். குரல் இனி வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பேச வேண்டியதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதிக் காட்டுகிறாள். இன்று காலை எழுதியது ஒரே வரி.

‘நான் பாடினதைக் கேட்கணும்.’

ஆலயத்தில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. அவர் சவுண்ட் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது வருட ஞாயிறு ஆராதனைப் பதிவுகள் அத்தனையும் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. பாடகர் குழுவில் நாலாவது மைக் அவளுடையது. அவள் குரல்தான் எதிலும் இல்லை.

மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு ஃபேடர் உண்டு. மேலே தள்ளினால் ஸ்பீக்கரில் கேட்கும். அடியோடு இறக்கினால் கேட்காது. ஸ்பீக்கருக்குப் போவதுதான் பதிவிலும் ஏறும். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லித்தரும் முதல் பாடமே இதுதான்.

அவளுக்குச் சுருதி கொஞ்சம் விலகும். ஆர்வம் வேறு அதிகம்; வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்புவாள். சவுண்ட்காரர் பெண்டாட்டியே இப்படியா என்று யாராவது வாயைத் திறந்துவிடுவார்களோ என்று கூச்சப்பட்டு, ஒரு ஞாயிறு நாலாவதை அடியோடு இறக்கினார். அந்த ஒரு வாரம்தான் ஒன்பது வருடமாகிவிட்டது. மானத்தைக் காப்பாற்றிக்கொண்ட மகாராசன்!

இதில் வேடிக்கை என்னவென்றால், ஃபேடர் இறங்கியிருந்தாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த மைக் மட்டும் அவர் ஹெட்ஃபோனில் கேட்கும். சில வாரங்களில் அழுத்திக் கேட்பார். தப்பும் தவறுமாக, அவருக்குப் பிடித்த குரல். நாலு பேர் கேட்க அதை ஏற்றிவிடத்தான் மனம் வரவில்லை.

இப்போது தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரு பாட்டை ஓடவிட்டார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். இல்லை என்று தலையசைத்தாள். அடுத்ததை ஓடவிட்டார். அதற்கடுத்ததையும்.

“அந்த மைக்ல ஒயர் ஏதோ கோளாறு போல. பதிவே ஆகல, பாரேன்” என்றார், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நிதானமாக எழுதி, நோட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

‘முதல் வாரமே எனக்குத் தெரியும். இன்னிக்காவது உங்க வாயால சொல்வீங்கன்னுதான் வந்தேன்.’