பெருந்துயரக் கட்டம்

கவிஞர் இன்பராசுவின் தொழில் வளர்ச்சிக் கோப்பில் எல்லா உணர்ச்சிக் கட்டமும் நிறைந்து பச்சை. 'பெருந்துயரம்' மட்டும் சிவப்பு. மார்ச்சுக்குள் அதுவும் பச்சையானால்தான் முதுநிலைக் கவிஞர் பதவி. கையால் நிரப்பி ஏமாற்றவும் வழியில்லை. அலுவலகம் கட்டிவிட்ட மணிக்கட்டுப் பட்டை நாடி பார்த்துத் தானே நிரப்பும். வீட்டிலோ எல்லோரும் நலமாக இருந்து தொலைத்தார்கள்.

"புனிதா, கொஞ்ச நாள் உங்கம்மா வீட்டுல இரேன். நான் பிரிவுல வாடணும்," என்று மனைவியிடம் கெஞ்சினார்.

அவள் மறுபேச்சில்லாமல் கிளம்பினாள். ஒரு மாதம் தினமும் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டுக் குறட்டைவிட்டுத் தூங்கினார் கவிஞர், கட்டம் அசையவில்லை.

பிறகு அவளே போன் செய்தாள். "நான் இனிமே வரலைங்க. இங்க நிம்மதியா இருக்கு."

இன்பராசுவுக்கு நெஞ்சை அடைத்தது. கட்டம் பச்சையானது.

"புனிதா, பச்சையாயிடுச்சு!" என்று கத்தினார்.

அவள் போனை வைத்துவிட்டாள். அவர் துள்ளிய துள்ளலில் கட்டம் மறுபடி சிவந்தது.