தம்புசாமியின் இரட்டைக்குழல்

இது என் கண்ணால் பார்த்தது இல்லை. தினேஷ்வரன் தன் அறைத்தோழன் சேகரனிடம் சொல்லி, சேகரன் என்னிடம் சொன்னது.

மலாக்காவில் துப்பாக்கிக் கடை நடத்தும் திலகாவுக்கு தினேஷ்வரன் முதல் நாளே போன் போட்டுவிட்டான்.

"அக்கா, நாளைக்கு அப்பா லைசென்ஸ் புதுப்பிக்கறதுக்கு முன்னால துப்பாக்கியக் காட்ட வருவார். குழல் போச்சு, இனி சுடக் கூடாதுன்னு சொல்லிடுங்க."

"நல்லா இருந்தா?"

"நல்லா இருந்தாலும் சொல்லுங்கக்கா."

"யுனிவர்சிட்டியில இதத்தான் படிச்சுட்டு வந்தியா தம்பி?"

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை.

"போன வாரம் சுங்கை ரம்பாய்க்கு, அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் கேட் பக்கத்துல நின்னுக்கிட்டு, பத்தடியில வர்ற என்னையே 'யாருப்பா அது?'ன்னு கேக்குறாருக்கா. அந்தக் கண்ண வெச்சுக்கிட்டு விடிகாலையில செம்பனைத் தோட்டத்துக்குள்ள பன்னி விரட்டப் போறாரு. குலை வெட்டறவங்களும் அங்கதான் நிக்கிறாங்க. ஆள் மேல பட்டுச்சுன்னா?"

"அத அவர்கிட்டயே சொல்லு."

"கண்ணு போச்சுன்னு அப்பா மூஞ்சிக்கு நேரா எப்படிக்கா சொல்றது?"

திலகா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மகனோடு கடைக்கு வந்த தம்புசாமி துணியில் சுற்றிய இரட்டைக்குழல் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். திலகா அதை மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டாள். விசையைப் பூட்டி வைக்கும் சேஃப்டி பொத்தானைத் தள்ளினாள். நகரவில்லை. ஊசியால் குடைந்தாள். மஞ்சளாக உதிர்ந்தது.

"என்னண்ணே இது?"

"சந்தனம்மா. ஆயுத பூசைக்கு வெச்சது."

"பொட்டு வெக்க வேற இடமே கெடைக்கலையா? சேஃப்டிக்கே சேஃப்டி இல்ல லா!"

"நெத்தியில வெக்கலாம்னுதான் பாத்தேன். இதுக்கு நெத்தி எதுன்னு தெரியல."

இருவரும் சிரித்தார்கள். தினேஷ்வரன் சிரிக்கவில்லை.

சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, டம்மித் தோட்டா போட்டு, சேஃப்டியைப் பூட்டி விசையை இழுத்தாள். அசையவில்லை. திறந்துவிட்டு இழுத்தாள். டக், டக். குழலைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒரு விரலில் தொங்கவிட்டு மரக்கட்டையால் லேசாகத் தட்டினாள். கணீரென்று மணி மாதிரி ஒலித்தது.

தினேஷ்வரன் கெஞ்சுவதுபோல அவளைப் பார்த்தான்.

திலகா தொண்டையைக் கனைத்தாள். "குழல் உள்ளுக்குள்ள மெலிஞ்சு போச்சுண்ணே. இனி சுட்டா வெடிச்சுக் கையோட போயிரும்."

தம்புசாமி குழலை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"அப்படியாம்மா? நீ சொன்னா சரிதான். போலீஸ் பாலாய்ல ஒப்படைச்சிடலாம். இந்தா, லைசென்ஸ் புத்தகம். வேணுங்கறத எழுதிக்க."

சுவரைத் தொட்டபடியே வெளியே நடந்தார்.

'அப்பாடா' என்று மூச்சுவிட்டான் தினேஷ்வரன். திலகா புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் கை நின்றது.

"உங்கப்பா விடிகாலையில பன்னி விரட்டப் போறாருன்னு சொன்னல்ல?"

"ஆமாக்கா."

"தோட்டா இல்லாமலா?"

புத்தகத்தை அவன் பக்கம் திருப்பினாள். தோட்டா வாங்கிய கணக்கில் கடைசி வரி நான்கு வருடத்துக்கு முந்தியது. அதுவும் வாங்கியது இல்லை. பிரிக்காத ஒரு பெட்டியை மூவார் கடையில் திருப்பிக் கொடுத்திருந்தார். அதன்பின் ஒரு வரிகூட இல்லை.

தினேஷ்வரன் வெளியே ஓடினான். அப்பா வேறு யாருடைய காரின் கதவிலோ கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, வெறும் துப்பாக்கியத்தான் தூக்கிட்டுப் போனீங்களா?"

"உள்ள ஒண்ணும் இல்லைன்னு பன்னிக்குத் தெரியுமா? பழம் திருட வர்றவனுக்குத்தான் தெரியுமா?" தம்புசாமி சிரித்தார். "கண்ணு மங்கிக்கிட்டே போகும்னு டாக்டர் சொன்ன அன்னிக்கே தோட்டாவக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

அவன் தலை குனிந்தது.

"கண்ணுதான்யா மங்கல், காது நல்லாக் கேக்குது. குழல் நல்லா இல்லைன்னா அப்படிக் கணீர்னு கேக்குமா? பாவம், அந்தப் பொண்ண ஏன் பொய் சொல்ல வெச்ச? என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?"

தினேஷ்வரன் அப்பாவின் கையைப் பிடித்துத் தங்கள் காருக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"டாக்டர் சொன்னத அப்பவே என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"மறந்துட்டேன் லா," என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

சேகரன் சொன்னது இவ்வளவுதான். எனக்கு மனசு கேட்கவில்லை. தினேஷ்வரனிடம் லைசென்ஸ் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தோட்டாவைத் திருப்பிக் கொடுத்த தேதி ஜூன் பதினேழு.

அவனுடைய பட்டப்படிப்பின் கடைசிப் பரீட்சை ஆரம்பித்தது, அதே வருடம் ஜூன் பதினெட்டு.