ஏறாத லிஸ்ட்

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இருதயம்மாள் எரித்துவிடுவது போல ஆண்ட்ரூவைப் பார்த்தார். மேடையில் நின்ற ஆண்ட்ரூவுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவன் கையிலிருந்த கையடக்கக் கம்ப்யூட்டர் நான்காவது முறையாக அதே சிவப்பு வரியைக் காட்டியது. ‘ஃபைல் கிடைக்கவில்லை.’

ராயபுரத்தில் கோயில் திருவிழா என்றால் பிரியாணி இல்லாமல்கூட இருக்கும், ஹவுஸி இல்லாமல் இருக்காது. ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை எழுதிய வில்லைகளைப் பையில் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து நம்பர் கூப்பிடுவார்கள். டிக்கெட்டில் இருக்கும் பதினைந்து நம்பரையும் முதலில் அடித்து முடிப்பவருக்குப் பரிசு. இந்த வருஷப் பரிசு, ரெண்டு கதவு வைத்த ஃபிரிட்ஜ்.

“பையி, வில்லை அல்லாம் வேணாம், மெஷினே கூப்புடும்” என்று திருவிழாக் குழுவில் மார்தட்டியது ஆண்ட்ரூதான். எண்ணூரில் அவன் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, பைத்தானில் அவனே புரோகிராம் எழுதினான். வீடு வீடாக ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்ததும் அவன்தான்.

இத்தனை உழைப்பும் ஆண்டவருக்காக மட்டும் இல்லை. இருதயம்மாளின் மகள் ஷாலுவை அவன் மூன்று வருஷமாகக் காதலிக்கிறான். பெண் கேட்டுப் போனபோது, “திருவிழா முடியட்டும், சொல்றேன்” என்று கறாராகச் சொல்லி அனுப்பிவிட்டார் இருதயம்மாள். இன்றைக்கு மானம் போனால் ஷாலுவும் போய்விடுவாள்.

“இன்னா நைனா, இன்னும் எம்மா நேரம் குந்திகினு கீறது?” என்று கத்தினார் அவர்.

“ரெண்டே நிமிசம் ஆன்ட்டி!”

மண்ணடியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பன் தவ்ஃபீக், கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையேறி வந்தான். “ஃபைல் உள்ள கீதா, இல்லியா?”

“கீது மாமு. காலைல நான்தான் ஏத்துனேன்.”

“பேரு கரீட்டா அட்ச்சியா?”

“நாலு வாட்டி பாத்துட்டேன்டா.”

கம்ப்யூட்டரை வாங்கி நோண்டிய தவ்ஃபீக் நிமிர்ந்தான். “ஆமா, குலுக்கல் நம்பரு அதுவா வர்றதுதானே? அதுக்கு ஃபைலு இன்னாத்துக்கு?”

“எங்க யார்டுல லிஸ்ட் ஏத்தாம ஒரு பொட்டிகூட நவுராது. அந்தப் பழக்கம்தான். மொதல்ல இத்த சரி பண்ணு மாமு, பேஜாரு பண்ணாத” என்று சலித்துக்கொண்டான் ஆண்ட்ரூ.

யார்டுக்காரர்களைத் தவ்ஃபீக்குக்குத் தெரியும். லிஸ்ட் இல்லாமல் அவர்கள் மளிகைக் கடைக்குக்கூடப் போக மாட்டார்கள்.

“சர்தான். எந்த ஃபோல்டர்ல நின்னுகினு தேடுதுன்னு மெஷினையே கேப்போம்” என்று ஒரு வரி தட்டினான். பதில் வந்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

“டேய், நீ ஃபைல மெமரி கார்டுல போட்டுகீற. அது மெஷினுக்குள்ள தேடிகினு கீது. காட்டுப்பள்ளி ஹார்பர்ல எறக்குன சரக்க பேசின் பிரிட்ஜ்ல தேடுனா கெடைக்குமா?”

ஃபைல் இருக்கும் இடத்தை முழுசாக எழுதி மறுபடியும் ஓட்டினான். சிவப்பு வரி மறைந்து, ‘தொண்ணூறு நம்பரும் தயார்’ என்று வந்தது. ஆண்ட்ரூவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மேடை என்றும் பார்க்காமல் தவ்ஃபீக்கைக் கட்டிக்கொண்டான்.

அதற்குள் மண்டபத்தில் விசில் பறந்தது. பங்குத்தந்தை அருள்பிரகாசம் மைக்கோடு கீழே இறங்கினார். அதிகமாகக் கத்துகிறவரைச் சிரிக்க வைத்துவிட்டால் கூட்டம் தானாக அடங்கிவிடும் என்பது அவர் அனுபவம். நேரே இருதயம்மாளிடம் போனார்.

“இன்னும் ஒரு நம்பர்கூடக் கூப்பிடல, அதுக்குள்ள எங்க இருதயம்மாவுக்கு எவ்ளோ கோவம் பாருங்க! என்னம்மா, ஆரம்பிக்கலாமா?” என்று மைக்கை நீட்டினார்.

மண்டபம் சிரித்து அடங்கியது. இருதயம்மாள் டிக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையைப் பார்த்தார்.

“மாப்ளே, நீ சொன்னாப்புல பதினஞ்சும் அட்ச்சி முட்ச்சிட்டேன், ஃபிரிட்ஜ எப்போ வூட்டாண்ட எறக்குவே?”