கேட்பவர் நாற்காலி

"அந்தப் பாதிரி மட்டும் இப்ப என் கண்ணு முன்னால வந்தா, சட்டையப் புடிச்சுக் கேப்பேன்," என்றான் முனிராஜ். அவன் மேசையைக் குத்திய குத்தில் மைக்கூடு துள்ளியது.

சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பேரும் அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்கள். எதிர் நாற்காலியில் இருந்த ராஜப்பன் மட்டும் எழுதவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்கிறவர்களுக்குப் போலீஸ் விசாரணை போலத் தோன்றியிருக்கும். ஆனால் அது வகுப்பு. 1958 மே மாதம், கோடை விடுமுறைக்கு மூடியிருந்த ஓசூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில், பட்டம் வாங்கிய போதகர்களுக்கான மேற்படிப்பு நடந்தது. மனம் உடைந்து வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் பாடம்.

பெங்களூரிலிருந்து வந்த பேராசிரியர் தினமும் இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைப்பார். ஒருவர் துயரப்படுகிறவர், மற்றவர் கேட்பவர். கேட்பவர் வேத வசனம் சொல்லக் கூடாது, நியாயம் பேசக் கூடாது.

அன்று முனிராஜுக்கு, மனைவியைப் பறிகொடுத்த தறிக்காரன் வேஷம். அதற்குத்தான் தயாராகி வந்திருந்தான். ஆனால் காலையில் ஒரு போதகர், "தப்புப் பண்ணவங்கள சபைய விட்டு விலக்கி வெச்சாத்தான் மத்தவங்களுக்குப் பயம் வரும்," என்று சொல்லிச் சிரிக்க, வகுப்பும் சேர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு அவனுக்குள் வெந்துகொண்டே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் தறிக்காரன் போன இடம் தெரியவில்லை. சொந்தக் கதைதான் வாயில் வந்தது.

"எனக்கு அப்ப எட்டு வயசு. விஷக்காய்ச்சல். எங்கம்மா ராப்பகலா ஜெபம் பண்ணுச்சு, காய்ச்சல் எறங்கல. பயந்துபோயி ஊரு மாரியம்மனுக்குக் கூழு ஊத்திருச்சு. பெத்தவ வேற என்ன பண்ணுவா?"

"ரொம்பப் பயந்துட்டாங்க," என்றார் ராஜப்பன் மெதுவாக.

"எனக்கு உட்டுப்போச்சு. அதே காய்ச்சல் எங்கம்மாளப் புடிச்சுது. அதுக்குள்ள பாதிரிக்குச் சேதி போயி, சபைய விட்டு விலக்கியாச்சுன்னாங்க. ஒரு ஜனம் எங்க வாசப்படிய மிதிக்கல. செத்தன்னைக்குக் கல்லறைத் தோட்டத்துல எடங் கேட்டு எங்கப்பா அஞ்செட்டிக்கு ஆளு அனுப்புனாரு. பாதிரி அங்கதான் முகாம் போட்டிருந்தான். நேர்ல வரல. ஒரு சீட்டு எழுதி உபதேசியார் கையில குடுத்தனுப்புனான். உள்ள பொதைக்கக் கூடாதாம். வெளியில பொதைச்சாங்க, ஐயா. நாயப் பொதைக்கற மாதிரி."

"கள்ளி வேலிக்கு அந்தப் பக்கம்."

"ஆமாங்க. கள்ளி வேலிக்கு அந்தப் பக்கம்."

பேராசிரியர் பென்சிலால் மேசையைத் தட்டினார். "கேட்பவர் எதிரில் இருப்பவர் சொன்னதை மட்டும்தான் திருப்பிச் சொல்லணும். சொல்லாததைச் சேர்க்கக் கூடாது."

"தப்புதாங்க," என்றார் ராஜப்பன். முனிராஜ் இருந்த கொதிப்பில் அது எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

"அவரு பேரு தெரிஞ்சுக்கணும்னு தோணலீங்களா?" என்று கேட்டார் ராஜப்பன்.

"தோணாம என்ன? எங்கப்பாகிட்டக் கேட்டேன். பேரத் தெரிஞ்சுகிட்டு நீ என்ன கொலையா பண்ணப்போறன்னாரு. சாவுற வரைக்கும் சொல்லல."

"இன்னும் கோவம் ஆறல."

"எப்படிங்க ஆறும்? பிரசங்கத்துக்கு நிக்கறப்பல்லாம் அந்தச் சீட்டுதான் கண்ணு முன்னால வருது. வாயி அன்புங்குது, மனசு அந்தப் பாதிரியத் தேடுது. இருவத்தஞ்சு வருஷமாச்சு. ஒருத்தனாவது வந்து, நாங்க பண்ணது தப்புன்னு ஒரு வார்த்த சொன்னானா?"

பேராசிரியர் மணியை அடித்தார்.

"எல்லாரும் கவனிச்சீங்களா? கேட்பவர் கடைசி வரைக்கும் தன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. அதுதான் பயிற்சி," என்றவர், முனிராஜ் பக்கம் திரும்பினார். "பிரமாதமான நடிப்பு."

"நடிப்பு இல்லீங்க."

எழுதிக்கொண்டிருந்த கைகள் நின்றன. காலையில் சிரித்த போதகர் தலையைக் குனிந்துகொண்டார். அவரை முறைத்த முனிராஜின் பார்வை, எதிரில் இருந்த ராஜப்பனிடம் வந்ததும் தணிந்தது.

நாட்றாம்பாளையத்துக் கரட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பையனைப் படிக்கவைக்கிறேன் என்று மலையேறி, வீடு தேடி வந்த மனிதர் அவர். அன்று அப்பா அவரை உட்காரச் சொல்லவில்லை, முகம் கொடுத்தும் பேசவில்லை. ஆனால் பையனின் துணியை மட்டும் மூட்டை கட்டிக் கொடுத்தார். அதன்பின் விடுதி, பள்ளிக்கூடம், இறையியல் கல்லூரி என்று எல்லாவற்றுக்கும் ராஜப்பன்தான் முன்னால் நின்றார். இந்த வகுப்புக்கு அவனைச் சிபாரிசு செய்ததும் அவர்தான். ஓய்வு பெறும் வயதில் அவரும் வந்து சேர்ந்ததைப் பார்த்து மற்றவர்கள் கேலி செய்தார்கள்.

முனிராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "ஐயா, உங்களப் பாத்துதான் நான் இந்தச் சபைய விட்டு ஓடாம இருக்கறேன். உங்களாட்டம் ஒருத்தர் அன்னைக்கு அங்க இருந்திருந்தா, எங்கம்மா வேலிக்கு உள்ள படுத்திருக்கும்."

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ராஜப்பன் மட்டும் எழவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்.

"அன்னைக்கும் நாந்தான் இருந்தேன், முனிராஜு. அந்தச் சீட்டு நான் எழுதுனது."