சமையலறை ஜன்னல்

கான்சஸ் புல்வெளியில் குதிரைகள் ஹுல்டாவின் மர வீட்டை அப்படியே இழுத்துக்கொண்டு போகின்றன. மாவட்டத் தலைநகர் எந்த ஊர் என்ற சண்டையில் பக்கத்து ஊரான ஆர்டன் ஜெயித்துவிட்டது. ரயிலும் அங்கேதான் நிற்கிறது. இந்த ஊரிலிருந்த வீடுகளெல்லாம் அங்கே போய்விட்டன, இதுதான் கடைசி. அடியில் உருளைக் கட்டைகள் முனகுகின்றன, அலமாரியில் பீங்கான் தட்டுகள் நடுங்குகின்றன. இறங்க மாட்டேன் என்று ஹுல்டா உள்ளேயே நிற்கிறாள். ஜன்னலுக்கு வெளியே, சாயும் வெயிலில், அந்தச் சண்டையில் குண்டடிபட்டுச் செத்த மகன் எல்பர்ட்டின் மரச்சிலுவை மெல்லப் பின்னால் நழுவுகிறது. கன்னத்தைக் கண்ணாடியில் அழுத்திக்கொள்கிறாள். "அவனச் சுட்டவங்க ஊருக்கே குடிபோறோம்," என்கிறாள். வெளியே வீட்டோடு நடந்துவரும் கணவன் ஓரின் நிமிர்ந்து பார்க்கவில்லை. "சனமே இல்லாத ஊர்ல யார் குதிரைக்கு நான் லாடம் அடிக்க, ஹுல்டா?" சிலுவை ஜன்னல் சட்டத்தைத் தாண்டிவிடுகிறது. ஓடிப்போய்ப் பின்கதவைத் திறக்கிறாள். அசையும் புல்லுக்கு நடுவே அது விரலளவாகி, பிறகு எது புல், எது சிலுவை என்று தெரியாமல் போகிறது. முன்னாலிருந்து குதிரைக்காரன் குரல் கொடுக்கிறான்: "அம்மா, அங்க போனதும் வாசல எந்தப் பக்கமா வைக்கட்டும்?"

"வாசல் எப்படியோ இருக்கட்டும்ப்பா. சமையக்கட்டு ஜன்னல் மட்டும் இந்தப் பக்கம் பாக்கணும்."