ஏழாம் தொகுதி காண்க

தலைமைப் பதிப்பாசிரியரை எல்லோரும் 'நடமாடும் நூலகம்' என்பார்கள். அந்தப் பட்டத்தை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவரேதான்.

பன்னிரண்டு வருடத்தில் ஆறு தொகுதிக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றும் தலையணை கனம். தெரிந்த விஷயமென்றால் நாலு வரி எழுதுவார். தெரியாத இடம் வந்தால், 'விரிவுக்கு ஏழாம் தொகுதி காண்க' என்று போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார். கடல் ஏன் உப்புக் கரிக்கிறது? ஏழு காண்க. மின்னல் ஏன் இடியை முந்துகிறது? அதற்கும் ஏழுதான். இதுவரை ஒருவரும் காணப் புறப்படவில்லை. மேடையில் மாலை போட்டவர்கள்கூடப் புத்தகத்தைப் பிரித்ததில்லை.

'அறிவுக்கடல்' விருதுக் குழுதான் குறுக்கே விழுந்தது. ஏழாம் தொகுதியைக் கண்ணால் பார்த்தால்தான் பட்டம் என்று கடிதம் போட்டுவிட்டது. அவரோ அதில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்தில் ஆளில்லாத பகல் நேரத்தில், தன் பீரோவின் பூட்டைத் தானே சுத்தியலால் உடைத்தார். மறுநாள் காலை, கைக்குட்டையும் கண்ணீருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கையெழுத்திட்டார். சிவப்புத் துணியில் கட்டிவைத்த தொள்ளாயிரம் பக்கக் கையெழுத்துப் பிரதி களவு போய்விட்டதாம்.

இன்ஸ்பெக்டர் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். விசாரணைக்கு வேண்டும் என்று ஆறு தொகுதிகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். இந்த ஆள் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் ஓய்வு பெற்றுவிடுவார் என்று பதிப்பாசிரியர் நினைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தது.

"ஆறையும் படிச்சிட்டேன் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "நாலாயிரத்து முப்பது இடத்துல ஏழைப் பாருன்னு போட்டிருக்கீங்க. எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு."

பதிப்பாசிரியர் வாசல் எவ்வளவு தூரம் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"எவ்வளவு பெரிய பொக்கிஷம் அது. அதான் விடாமத் தேடி ஆளைப் பிடிச்சிட்டோம்."

மூலையில் கிழிந்த சட்டையோடு ஒருவன் குந்தியிருந்தான். முதலில் இல்லவே இல்லை என்றானாம். நாலு தட்டு தட்டியதும் ஒப்புக்கொண்டானாம். எட்டாவது தட்டில் முழுவதும் படித்ததாகவும் சொல்லிவிட்டானாம். மேஜைமேல் சிவப்புத் துணி மூட்டை ஒன்று இருந்தது.

பதிப்பாசிரியருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. கேஸை மூட எவனையோ அடித்து, எதையோ கட்டிவைத்திருக்கிறார்கள் மடையர்கள். ஆமாம் என்று தலையாட்டினால் தீர்ந்தது. விருதுக் குழு மட்டும் துணியை அவிழ்த்தா பார்க்கப்போகிறது?

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்கய்யா," என்றான் மூலையில் இருந்தவன்.

இந்த முறை அவர் கண் நிஜமாகவே கலங்கியது. "எந்தப் பகுதி உனக்குப் பிடிச்சுது?"

"முதல் பக்கங்க."

ரசனை உள்ள திருடன் என்று அவருக்குப் பட்டது.

"பிரிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்," என்று இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார்.

"எதுக்குப் பிரிக்கணும்? பெத்தவனுக்குப் பிள்ளையைத் தெரியாதா?"

'என் கைப்பட எழுதிய பிரதிதான். பக்கம் குறையாமல் பெற்றுக்கொண்டேன்' என்ற வாசகத்தின்கீழ், தாள் கிழியக் கிழிய, பட்டங்களோடு சேர்த்துக் கையெழுத்திட்டார்.

திருடன் எழுந்தான். ஆணியில் தொங்கிய போலீஸ் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். மூட்டையையும் அவனே அவிழ்த்துக் காட்டினான். அத்தனையும் வெற்றுத்தாள், முதல் தாளில் மட்டும் ஒரு வரி இருந்தது.

'பூட்டை உடைத்தவர்: புகார் மனுவின் அடியிலுள்ள கையெழுத்தைக் காண்க.'