பியூலாவின் நினைவு அட்டை

காலையில் எட்வின் பால் பாக்கெட்டை வெட்டி, ஒரு தம்ளர் டீ போட்டான். குடிக்கும் முன் கண்ணை மூடினான். அவன் மனைவி பியூலா தண்ணீர் குடித்தால்கூட, ஏதாவது ஒன்றைப் பேர் சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் குடிப்பாள். வேதத்தில் எல்லாவற்றுக்கும் என்று இருந்தால் எல்லாவற்றுக்கும்தான் என்பாள். அவள் இறந்ததிலிருந்து நாற்பது நாளாக அவனும் முயன்று பார்க்கிறான். ஒன்றுமே வரவில்லை.

மாமனார் தவமணி அச்சகத்திலிருந்து நினைவு அட்டைக் கட்டோடு வந்தார். பியூலாவின் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில், ‘கடைசி வார்த்தை: ஸ்தோத்திரம்’.

“பாத்துட்டு பாஸ்டரே அழுதுட்டாரு. ஞாயித்துக்கிழமை நீங்க எந்திரிச்சு சாட்சி சொல்லணுமாம் மாப்பிள்ளை.”

“எனக்குப் பேச வராது மாமா.”

“பிரசங்கமா கேக்காங்க? பிள்ளை சொன்னதை அப்படியே சொல்லுங்க, போதும்.”

டீயில் ஆடை படிந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில், பிள்ளை கடைசியாக என்ன சொன்னாள் என்று அவர் கேட்டபோது, அந்த வார்த்தையைச் சொன்னது எட்வின்தான். அவள் உயிர் பிரியும்போது அறைக்குள் அதுதான் கேட்டுக்கொண்டிருந்தது. கட்டிலைச் சுற்றி நின்று சபையார் உரக்க ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பியூலா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் ஏதோ சொன்னாள். பெரியவர்கள் தப்பாக நினைப்பார்களே என்று அவன் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, தானும் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது அவள் போயிருந்தாள்.

அவள் சொன்னது முழுவதும் அவனுக்குக் கேட்டிருந்தது.

“இவங்களை வெளிய அனுப்புங்க. நீங்க மட்டும் பக்கத்துல இருங்க.”